கிளிக்கு நான் செய்த உபயம்

நான் இதுவரை இரண்டு தடவை மைக் முன்னால் பேசியிருக்கிறேன். முதல் தடவை யாரும் கூப்பிடாமலே போய்ப் பேசி, ஓடிக்கொண்டிருந்த காரியத்தைக் கெடுத்தேன். இரண்டாவது தடவை கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். ஆனால் நான் பேசுவதை யார் கேட்கவேண்டுமோ, அவர் அப்போது இல்லை.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. ரோஷத்தில் மட்டும் பெரிய பட்டம். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மகள் மலர். நடுவில் நாலைந்து இடத்தில் அவள் எழுந்து முகம் கழுவப் போனாள். அங்கே ஏதாவது விட்டுப்போயிருந்தால் என் மேல் குற்றமில்லை.

எங்கள் வீட்டுக்காரர் பட்டுத்தறி நெய்தவர். (பெயர் சொல்லிப் பழக்கமில்லை. காமாட்சி இருக்கிற எங்கள் ஊர்ப் பெரிய கோயில் சாமி பெயர்தான். ஊரில் பாதி ஆம்பிளைகளுக்கு இருக்கிற பெயர். நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.) அவருக்குத் தறியைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. காலையில் பேப்பர் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து டெண்டர் விளம்பரம் வரைக்கும் சத்தமாகப் படிப்பார். நான் அடுப்படியில் இருந்தபடி கேட்பேன். தேர்தல், கொலை, தங்கம் விலை, எல்லாம் எனக்கு அவர் வாயால்தான் தெரியும். அவர் குரலில் கேட்டால் தங்கம் விலை ஏறினதுகூடப் பெரிய துக்கமாகத் தெரியாது.

சர்க்கரை முதலில் அவர் கால் விரல் ஒன்றை எடுத்தது. பிறகு கண்ணை எடுத்தது. பேப்பர் மட்டும் வந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னால் சண்டைக்கு வருவார். அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு தடவுவார். வீட்டில் சத்தம் இல்லாமல் போயிற்று. வெங்காயம் வதங்குகிற சத்தம் எனக்கு அந்த வருஷம்தான் முதல் முதலாகக் கேட்டது.

மலர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவள். சனி ஞாயிறுகளில் வெளியூர்ச் சிநேகிதர்கள் நாலைந்து பேரோடு சேர்ந்து ஒன்றைச் செய்தாள். போனை எடுத்து எழுத்துக்கு நேராகப் பிடித்தால் போதும், அதில் இருக்கிற தமிழை அது வாய்விட்டுப் படிக்கும். பேப்பர், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. அவர் முதல் நாள் கேட்டுவிட்டு, "காமாட்சி கையிலே இருக்கறது தப்பிச்சு நம்ம வூட்டுக்கு வந்துட்ச்சுபா" என்றார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் கிளி.

அந்தக் குழுவில் வாலாஜாபாத் தணிகாசலம் சார் ஒருத்தர். பிறவியிலேயே பார்வையில்லாதவர், பள்ளிக்கூட வாத்தியார். கிளி எங்கெங்கே தப்பாகப் படிக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சொல்வது அவர் வேலை. யாருக்கும் சம்பளம் கிடையாது. கிளியை யார் வேண்டுமானாலும் சும்மா வாங்கிக்கொள்ளலாம். அதைச் செய்த சூட்சுமத்தைக்கூட மறைக்காமல் வெளியே வைத்திருந்தார்கள்.

"யார் வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம்மா. ஓப்பன் சோர்ஸ்னு பேரு" என்றாள் மலர்.

"அப்போ இது நம்முது இல்லியா?"

"நம்முதும்தான்."

அந்த 'தும்' என் காதில் விழவே இல்லை. விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இங்கே எங்கள் குடும்பத்து உபயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருக் கோயில் உற்சவத்தில் ஆறாம் நாள் சாயங்காலம் எங்களுடையது. மாலை, மேளம், சுண்டல் எல்லாம் எங்கள் செலவு. மைக்கில் எங்கள் குடும்பத்துப் பெயரைச் சொல்வார்கள். நாலு தலைமுறையாக இருக்கிற உரிமை அது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு வருஷம் தறி ஓடாமல் கை வறண்டு கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "பாதியை நான் போட்டுக்கறேன்" என்றார். என் மாமியார், "பாதி போட்டா பாதி நாள் அவங்களுது" என்று காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அடகு வைக்கக் கொடுத்தார். இன்னொருத்தர் காசு உள்ளே வந்தால் உரிமை வெளியே போகும் என்பதும், மைக்கில் சொல்லிவிட்டால் அதை மாற்றக்கூடாது என்பதும் அன்றைக்கு என் மண்டைக்குள் ஆணி அடித்தாற்போல் இறங்கின. அதன்மேல் இன்னொரு ஆணி அடிக்க இடமில்லாமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு நாகம்மா தயிருக்கு உறை வாங்க வந்தாள். கிண்ணத்தை நீட்டும்போதே அவள் முகத்தில் ஒரு களை.

"ஏங்க்கா, நம்ம மலரு போன்ல காசு கேக்குதாமே?"

"இன்னாடி சொல்ற?"

"எங்க மருமகன் துபாய்லேருந்து சொன்னாருக்கா. கிளிக்கு வாடகை கட்டணுமாம், முடிஞ்சவங்க போடுங்கன்னு மலரு போட்டோவோட வந்திருக்குதாம். அவருகூட ஏதோ போட்டாராம். பாவம், நல்ல பொண்ணு. இப்படிக் கேக்கற நெலமையா வந்துட்ச்சு?"

அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதை அவள் நாக்கில் வைத்துச் சப்பிச் சப்பிச் சொன்னாள். உறைமோரைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றினேன். நாலு தலைமுறையாக யாரிடமும் கை நீட்டாத குடும்பம். அதில் பிறந்தவள் துபாய் வரைக்கும் கை நீட்டியிருக்கிறாள்! என் வீட்டுக் கிளிக்கு நாகம்மாவின் மருமகன் தீனி போடுகிறான்! (அந்த ஆள் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டவன்.)

கிளிக்கு எதற்கு வாடகை என்று நான் மலரைக் கேட்டிருக்க வேண்டும். பழைய போன்களுக்குள் அத்தனை மூளை இல்லையாம். போன் படம் பிடித்து அனுப்ப, எங்கேயோ வாடகைக்கு எடுத்த பெரிய கம்ப்யூட்டர் அதைப் படித்துக் குரலைத் திருப்பி அனுப்புகிறதாம். ஆள் கூடக் கூட வாடகையும் கூடுமாம். மலர் தன் சம்பளத்தில் பாதியை அதற்குத்தான் கொட்டிக்கொண்டிருந்தாளாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அன்றைக்கு முன்ரூமில் மலர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். கிளியைப் பயன்படுத்துகிறவர்கள், காசு போட்டவர்கள், போடலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லோரையும் கம்ப்யூட்டரிலேயே கூட்டி வைத்த கூட்டம். அவரும் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் நேராக உள்ளே போகவில்லை. உபயம் சொல்லப் போகிறவள் மாவு ஒட்டின புடவையோடு போகலாமா? பீரோவைத் திறந்து அரக்குப் பட்டுப்புடவையை எடுத்துக் கொசுவம் வைத்துக் கட்டினேன். நெற்றிக்கு விபூதி வைத்துக்கொண்டேன். (பழைய புடவையிலேயே போயிருந்தால், முக்கியமான ஆள் வருவதற்கு முன்பே கத்திவிட்டுத் திரும்பியிருப்பேன். என் புடவை கட்டுகிற நேர்த்திதான் எல்லாவற்றையும் கெடுத்தது.) நான் கட்டி முடித்தபோது, வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்துக்காரர் ஒருத்தர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்து வாடகையை மொத்தமாகத் தாங்கள் ஏற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் மலருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் போய் நின்று கைகூப்பினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மலரோட அம்மா தையல்நாயகி. எங்க குடும்பம் யார்கிட்டேயும் கை நீட்னது கெடையாது. இந்தக் கிளி எங்க குடும்பத்து உபயம். வேற யாரும் இதுல காசு போட வேணாம். போட்டவங்க தயவுசெஞ்சு திருப்பி வாங்கிக்கினு போங்க."

மலர், "ம்மா... ம்மா..." என்று பின்னாலிருந்து புடவையை இழுத்தாள். ஜரிகை பிய்ந்துவிடும் என்று அவள் கையைத் தட்டிவிட்டேன்.

திரையில் சின்னச் சின்னக் கட்டத்துக்குள் இருந்த முகமெல்லாம் அப்படியே நின்றன. பிறகு யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தணிகாசலம் சார் குரல் மட்டும் மெதுவாக வந்தது.

"ரொம்ப சந்தோஷம்மா. ஒரு மாசத்துக்கா, ஒரு வருஷத்துக்கா?"

வாடகை மாசாமாசம் என்பதே எனக்குத் தெரியாதே! ஆறாம் நாள் உபயம் மாதிரி வருஷத்துக்கு ஒரு நாள் என்று நினைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திச் சொன்னேன்.

"தலைமுறைக்கும்!"

அவ்வளவுதான். சங்கத்துக்காரர், "ஒரு குடும்பமே இப்படி முன்வருவது பெரிய விஷயம். நாங்கள் குறுக்கே வரவில்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அந்தப் பணத்தை வேறொரு நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிட்டார். போட்டவர்களில் பல பேர் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நான்தானே கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்?

கூட்டம் முடிந்ததும் மலர் வாடகை எவ்வளவு என்று சொன்னாள். அது மாசத்துக்கு என்றும் சொன்னாள். நான் கட்டியிருந்த பட்டுப்புடவை அந்த வேர்வையிலும் சாயம் போகாமல் இருப்பது எங்கள் ஊர்ச் சாயக்காரர்களுக்குப் பெருமை.

"பரவால்லம்மா. எங்கம்மாவுக்கு விஷயம் தெரியாதுன்னு இப்பவே எழுதிடறேன். புரிஞ்சுக்குவாங்க."

"எழுதினே, அப்புறம் நான் உசிரோட இருக்க மாட்டேன். மைக்குல சொன்னதை மாத்தறதா? நாகம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்க மாட்டாளா?"

"அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா!"

அவர் மடியில் இருந்த பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"வுடும்மா. உங்கம்மா சொல்லிட்டா. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

எங்கள் வீட்டில் கிளி நின்றுபோனால் நஷ்டம் அவருக்குத்தான். அது அவருக்கும் தெரியும். என் தலை குனியக்கூடாது என்று தன் காதை விட்டுக்கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. புருஷன் நம் பக்கம் பேசிவிட்டார் என்று மிதப்பில் மோர்க்குழம்பு வைத்தேன்.

என் இரண்டு வளையல்கள் கிளிக்கு இரண்டு மாசம் தீனி போட்டன. (மலரும் பாதி போட்டாள், எனக்குத் தெரியாமல்.) மூன்றாம் மாசம் ஒரு காலையில் அவர் போனைப் பேப்பர் மேல் பிடித்தார். சத்தமில்லை. திருப்பிப் பிடித்தார். துடைத்துவிட்டுப் பிடித்தார். பிறகு போனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "தூங்குதுபோல" என்றார்.

மலர் அழுதுகொண்டே, "அப்பா, என் கம்ப்யூட்டர்லியே உங்களுக்கு மட்டும் ஓட வெக்கறேன்ப்பா. அது முடியும்" என்றாள்.

"வாலாஜாபாத் சாருக்கு ஓடுமா?"

"ஒரு ஆளுக்குத்தான் தாங்கும்ப்பா."

"அப்போ எனக்கும் வாணாம்."

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. ரோஷம் என் ஒருத்திக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் பேப்பரை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தறிப் பாவில் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி முடிச்சுப் போடுகிற மாதிரி, எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். ஒரு மந்திரி விழாவுக்குப் போன செய்தி. காரிலிருந்து மந்திரியை இறக்குவதற்குள் எனக்கு அடுப்பில் பால் பொங்கிவிட்டது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

"இன்னா தையலு, அந்த மந்திரி இன்னும் மேடை ஏறலியா?"

"மாலை போடறாங்க, இருங்க."

"சீக்கிரம் ஏத்து. நீ படிக்கறதுக்குள்ள ஆட்சியே மாறிடப்போவுது."

அவர் சிரித்தார். கண் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வேலை முடிந்து மலர் வந்து பேப்பரை எடுத்தால், "வாணாம். உங்கம்மாவே படிக்கட்டும். நீ முடிவைச் சொல்லிடாதே" என்பார். கதை கேட்கிற மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. பாலாற்றில் தண்ணீர் வந்த செய்தி பேப்பரில் பெரிதாக வந்திருந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாலிபத்தில் திருமுக்கூடலில் மூன்று ஆறும் சேர்ந்து ஓடினதை ஒரு தடவை பார்த்தவராம். அதைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"முக்கூடல் வந்துட்ச்சான்னு பாரு."

"வரிசையாத்தானே வரும்? குதிச்சுக் குதிச்சுப் படிக்க எனக்குத் தெரியாது."

முதல் நாள் தண்ணீரைச் செவிலிமேடு பாலம் வரை கொண்டுவந்தேன். இரண்டாம் நாள் வாலாஜாபாத் தரைப்பாலம். தண்ணீர் பாலத்தின்மேல் ஏறிவிட்டது என்ற வரியில் விரலை வைத்துவிட்டு மூடினேன்.

"நாளைக்கு முக்கூடல்" என்றேன்.

மறுநாள் காலையில் அவருக்கு மூச்சு வாங்கிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பேப்பர் வீட்டிலேயே கிடந்தது. நர்சம்மா ஒரு காகிதத்தோடு வந்து, "பெரியவரே, உங்களுக்குப் பொறுப்பா யாரு? கையெழுத்து யாரு போடுவாங்க?" என்று கேட்டாள். மூக்கில் குழாயோடு இருந்தவர் தலையை லேசாகச் சாய்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"எங்க வூட்டம்மாதான். இன்னைக்கு மட்டும் இல்லம்மா... தலைமுறைக்கும்!"

நர்சம்மாவுக்குப் புரியவில்லை. மலர் அழுகையும் சிரிப்புமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் அவர் என் கையைத் தடவி, "தண்ணி முக்கூடல் வந்துட்ச்சா?" என்றார்.

வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன குடி முழுகிப்போயிருக்கும்? படிக்காததைப் படித்ததாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அந்த வரி இன்னும் வரலிங்க. வூட்டுக்கு வந்ததும் படிக்கறேன்" என்றேன். அவர் சரி என்கிற மாதிரி என் கையை இரண்டு தட்டுத் தட்டினார். வீட்டுக்குத் திரும்பி வந்தார். கேட்கிற நிலையில் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நானே பஸ் ஏறி வாலாஜாபாத் போய்த் தணிகாசலம் சார் வீட்டைக் கண்டுபிடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் கையில் பிரிக்காத கடிதம் ஒன்று இருந்தது. அவர் சம்சாரம் ஊருக்குப் போயிருந்தாராம்.

"மூணு நாளா வெச்சிருக்கேன்மா. அக்கம்பக்கத்துல குடுத்துப் படிக்கச் சொல்லலாம். ஆனா வந்தது எங்க அண்ணன்கிட்டேருந்துன்னு தபால்காரர் சொன்னாரு, சொத்து விஷயமாத்தான் இருக்கும். ஊருக்கே தெரிஞ்சுடும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளி எங்கள் வீட்டில் மட்டும் நின்றுபோகவில்லை. எத்தனையோ வீட்டில், யாரென்றே தெரியாதவர்கள் மடியில், கடிதமும் மருந்துச் சீட்டும் அப்படியே கிடக்கின்றன. எல்லோருக்கும் பொதுவானதை நான் ஆறாம் நாள் மாலை மாதிரி என் வீட்டுச் சாமிக்கு மட்டும் சாத்தப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. 'எனக்கும் வாணாம்' என்றாரே!

"இப்ப இன்னா சார் பண்றது?"

"கேக்கணும்மா. வேற வழியில்ல. நீங்களே கேட்டா நல்லாருக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். இந்தத் தடவை புடவை மாற்றவில்லை.

"போன தடவ யாரும் காசு போடாதீங்கன்னு சொன்னவ நான்தான். தெரியாம சொல்லிட்டேன். இது எங்க குடும்பத்துது மட்டும் இல்ல. எங்க வூட்டுக்காரருக்கு இனிமே இது தேவைப்படாது. அவருக்காகக் கேக்கல. மத்தவங்களுக்காகக் கேக்கறேன். பத்து ரூபாயா இருந்தாலும் போடுங்க."

கை நீட்டிவிட்டேன். தலை கழன்று விழும் என்று நினைத்தேன், விழவில்லை. காசு பத்தும் இருபதுமாக வந்தது. நாகம்மா அன்றைக்கே படியேறி வந்து, "எங்க மருமகனும் போட்டுட்டாருக்கா" என்றாள். அவள் நாக்கில் அந்தப் 'பாவம்' இல்லை. "நல்லா இருக்கட்டும்டி" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

கிளி மறுபடி பேச ஆரம்பித்த அன்று, மலர் ஆபீசுக்குப் போன பிறகு, மடித்து வைத்திருந்த அந்தப் பேப்பரை எடுத்தேன். போனை அதன்மேல் பிடித்தேன். செவிலிமேடு, வாலாஜாபாத், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தாண்டி, "திருமுக்கூடலில் மூன்று ஆறுகளும் ஒன்றாகச் சேர்ந்து இரு கரையையும் தொட்டபடி ஓடுவதைக் காண மக்கள் திரண்டனர்" என்று முடித்துவிட்டது. பால் காய்கிற நேரம்கூட ஆகவில்லை. நான் விரல் வைத்து மூடினதற்கு அடுத்த வரியில்தான் முக்கூடல் இருந்திருக்கிறது.

"வந்துட்ச்சுங்க" என்றேன், நாற்காலியைப் பார்த்து.

இப்போதெல்லாம் மாசம் பிறந்ததும் தணிகாசலம் சார் போன் செய்கிறார். "அம்மா, கிளிக்கு இந்த மாசத் தீனி வந்துட்ச்சு. தலைமுறைக்கு இல்ல, இந்த மாசத்துக்கு." எங்கள் வீட்டில் யார் எதை ஏற்றுக்கொண்டாலும், காய்கறி வாங்குவதிலிருந்து கரண்ட் பில் கட்டுவது வரை, அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "இன்னைக்கு மட்டுமா, தலைமுறைக்குமா?" மலர் தன் சிநேகிதர்கள் வந்தால் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்கிறாள். கடைசியில் அவர் மாதிரியே தலையை லேசாகச் சாய்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்வாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்தச் செருமல் அச்சாக அவருடையது. நான், "இன்னொரு தபா சொல்லுடி" என்பேன்.